பதினொரு தரைகள்

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
ஜனவரி 9, 2025

நிருஷா அவர்களுக்கு,

நேற்று உங்கள் மின்மடல் கிடைத்தது. ஆங்கிலத்தில் இருந்தது. 'நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்' என்ற முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன். பதினான்கு மாதங்களாக என் நலத்தை நம்பிக்கொண்டு மட்டும் இருந்தவர் இன்னும் சிறிது காலம் அப்படியே இருக்கலாம்.

சித்தப்பாவின் மகள் என்பதால் இந்தப் பதில். கணினி விளையாட்டுக் கூடம் ஒன்றின் தலைவி என்பதற்காக அல்ல. விஷயம் ஏதும் இருந்தால் தமிழில் எழுதுங்கள். தொலைபேசியில் அழைக்க வேண்டாம், எடுக்கமாட்டேன். எழுதியதை மறுக்க முடியாது, சொன்னதை யாரும் மறுக்கலாம் என்பதை உங்கள் கூடத்தில் இருந்த ஆறு வருடத்தில் கற்றுக்கொண்டேன்.

இப்படிக்கு,
கிருபானந்தன்


அஹுன்ட்சிக்
ஜனவரி 12, 2025

அன்புள்ள கிருபா அண்ணைக்கு,

நீங்கள் எனக்கு 'அவர்களுக்கு' போட்டதைப் பார்த்து, வங்கியிலிருந்து வந்த கடிதமோ என்று நினைத்துவிட்டேன். பதினான்கு வயதில் இங்கே வந்த பிறகு நான் தமிழில் எழுதும் மிக நீளமான கடிதம் இதுதான். பிழைகள் இருந்தால் சிவப்பு மையால் திருத்தி அனுப்பாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தபால்காரி விளையாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. பார்க் எக்ஸ்டென்ஷனில் பனிக்காலத்தில் ஒருத்தி வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோகிறாள், விழாமல் போக வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதை ஆடுபவர் தரையைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். இதை உங்களுக்கு நான் விளக்குவது கொழுப்பு. அந்த யோசனையே உங்களுடையது.

பெப்ரவரி 18 அன்று ஒரு நிதியத்தின் குழு வந்து ஆடிப் பார்க்கப்போகிறது. அவர்கள் இல்லையென்று சொன்னால் மார்ச் கடைசியில் கூடத்தைப் பூட்டுவோம். ஏழு பேர். டெனிஸ்டனுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்று மாதம்.

எல்லாம் இருக்கிறது அண்ணை, தரை மட்டும் இல்லை. விளையாட்டைக் கட்டும் எடிட்டர் மென்பொருளைத் திறந்தால் வீதி முழுக்க ஒரே சாம்பல் சரளைக்கல். படம் கிடைக்காத இடத்தில் எடிட்டர் தானாகப் போட்டு நிரப்புகிற அதே சரளை. அதற்கு வழுக்கல் எண்ணும் கிடையாது, எனவே தபால்காரி விழுவதே இல்லை. சந்தையில் கோடைக்கால மரக்கறி வாங்கப் போகிறவள் மாதிரி நடக்கிறாள். பனித் தரைப்படங்கள் விற்கும் இடத்தில் ஒரு தொகுதி வாங்கிப் போட்டுப் பார்த்தோம். அது மலை உச்சிப் பனி. அதில் ஒருத்தரும் உப்புப் போட்டதில்லை, ஒரு நாயும் மூத்திரம் பெய்ததில்லை. கேர்ப்ஸ் வீதியில் அதைப் பூசினால் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை போல் இருக்கிறது.

நீங்கள் போகும்போது அழித்துவிட்டுப் போன அந்தப் பதினொரு தரைப்படங்களும் உங்கள் வீட்டில் எங்காவது இருந்தால், தயவுசெய்து தாருங்கள். ஏன் அழித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
நிருஷா


பார்க் எக்ஸ்டென்ஷன்
ஜனவரி 15, 2025

நிருஷா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். 'நீங்கள் அழித்துவிட்டுப் போன'. அந்தச் சொற்களை நீங்கள் கூசாமல் தட்டியிருக்கிறீர்கள்.

நடந்தது என்ன என்பதை நான் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் கூடத்தில் வரலாறு எழுதும் வழக்கம் இல்லை. மூன்று பனிக்காலம் இந்த நடைபாதைகளில் முழங்காலில் இருந்தேன். காலையில், மப்பு மூடிய நாட்களில், நிழல் விழாத வெளிச்சத்தில். கமராவைச் செங்குத்தாகப் பிடித்துத் தரையை மட்டும் எடுத்தேன். ஜான்-தலோன் தொடருந்து நிலைய வாசலில் ஒரு காவலாளி "மிஸ்யூ, எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். புவியியலில் முதல் வகுப்பு, இங்கே ஒரு முதுகலைப் பட்டம், தொலைத்தது அவைதான் என்று பிரெஞ்சில் சொல்லத் தெரியவில்லை.

எடுத்த படத்தை அப்படியே போட முடியாது. ஒரு சதுரத்தின் வலது விளிம்பு அடுத்த சதுரத்தின் இடது விளிம்போடு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் குளியலறைத் தரை போல் கோடு கோடாகத் தெரியும். படத்தில் கண்ணைக் கவரும் ஒரு கல்லோ சிகரெட் துண்டோ இருந்தால் வீதி நெடுக நூறு முறை அதே துண்டு வரும். அதை அழிக்க வேண்டும், ஆனால் அழித்தது தெரியக்கூடாது. ஒரு தரைக்கு இரண்டு கிழமை. ஈரத் தாருக்கும் கண்ணாடிப்பனிக்கும் நிறம் ஒன்றுதான், வெளிச்சம் சாயும் விதத்தில்தான் வித்தியாசம். அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு மாதம் போனது.

2023 நவம்பர் 17, காலை பத்தரை மணிக்கு உங்கள் முன்னோட்டக் காணொளியைப் பார்த்தேன். என் வீட்டுக்கு முன்னால் உள்ள வீதியில் தபால்காரி நடந்து வருகிறாள். காலுக்குக் கீழே சரளைக்கல். மூன்று வருட வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு, எடிட்டரோடு இலவசமாக வரும் கல்லைப் போட்டிருந்தீர்கள். ஒரு சொல் சொல்லவில்லை. கடைசியில் ஓடிய பெயர்களில் என் பெயர் இருந்தது, அது இன்னும் அவமானம்: அந்தக் கல்லுக்கு நான் பொறுப்பாம். பத்து நாற்பதுக்கு விலகல் கடிதம் அனுப்பினேன்.

இப்போது நீங்கள் எறிந்ததை நான் அழித்தேன் என்கிறீர்கள். நான் இப்போது சபனெல் வீதியில் துணிக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு சுருள் காணாமல் போனால்கூட, யார் எடுத்தது என்று முதலில் கேட்பார்கள். பிறகுதான் குற்றம் சொல்வார்கள்.

கிருபானந்தன்


அஹுன்ட்சிக்
ஜனவரி 17, 2025

கிருபா அண்ணை,

மரியாதையாக எழுத வேண்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். முடியவில்லை.

நாங்கள் எறிந்தோமா? அன்று காலை ஒன்பதரைக்குக் காணொளிக்காக விளையாட்டின் புதுப் பதிப்பைக் கட்டி முடித்தோம். திறந்தால் சரளை. பத்து மணிக்கு அனுப்பியாக வேண்டும். டெனிஸ்டன் "அண்ணை ஏதோ மாத்திறார் போல, தற்காலிகமா விட்டிருப்பார்" என்றான். சரி என்று அனுப்பினோம். பதினொரு மணிக்கு உங்களைக் கேட்கலாம் என்று எடுத்தால் என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டீர்கள். உங்கள் விலகல் கடிதம் ஒரு வரி. 'இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.' வீட்டு வாடகை ஒப்பந்தத்தை முடிப்பது போல.

கோபத்தில் மூன்று கிழமை உங்கள் கோப்புறையைத் திறக்கவில்லை. திறந்தபோது அது வெறுமையாக இருந்தது. அழித்தவை ஒரு கிழமைதான் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதுவும் காலி. பதிவேடு மட்டும் இருந்தது. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

2023 நவம்பர் 16, மாலை 4.12 முதல் 4.19 வரை. நீக்கப்பட்ட கோப்புகள்: பதினொன்று. நீக்கியவர்: கிருபானந்தன். சேர்க்கப்பட்டவை: இல்லை.

ஏழு நிமிடம் அண்ணை. ஒவ்வொன்றாக. காணொளி வருவதற்கு முந்தைய நாள். அதைப் பார்த்துக் கோபப்பட்டு அழித்தீர்கள் என்றால்கூட எனக்கு விளங்கியிருக்கும்.

இன்னொன்று. அம்மா கேர்ப்ஸ் முனையில் விழுந்த அன்று நீங்கள் முதலில் கமராவைத்தான் எடுத்தீர்கள் என்று அந்த முனையிலுள்ள தெப்பனேர்ச் சில்லறைக் கடைக்காரர் சொன்னார். இரண்டு வருடமாக அதை நான் உங்களிடம் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன், எப்படியும் சண்டைதானே.

நிருஷா


பார்க் எக்ஸ்டென்ஷன்
ஜனவரி 19, 2025

நிருஷா,

சின்னம்மா விழுந்தது 2023 ஜனவரி 24, காலை எட்டே முக்கால். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். ஓடினேன். என் மேலங்கியை அவவின் தலைக்குக் கீழே வைத்தேன். மணிக்கட்டு மடங்கியிருந்த விதத்திலேயே முறிவு என்று தெரிந்தது. அம்புலன்ஸ் வரும்வரை பதினாறு நிமிடம் அவவின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஐஸில் இருந்தேன். "என்ர சப்பாத்து எங்கை, கிருபா? புதுச் சப்பாத்தடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. அம்புலன்ஸ் போன பிறகு திரும்பி வந்து படம் எடுத்தேன். அந்த ஐஸ் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, சின்னம்மாவுக்கும் தெரியவில்லை. தெரிய வைக்க வேண்டும் என்றுதான் எடுத்தேன். கடைக்காரர் தன் கண்ணாடிக் கதவுக்குள் நின்று பார்த்த முதல் விஷயம் அதுவாக இருக்கலாம். அவர் வெளியே வந்திருந்தால் முழுவதையும் பார்த்திருப்பார்.

பதிவேடு என்கிறீர்கள். நான் அழிக்கவில்லை. அன்று மாலை கோப்புகளை ஒழுங்குபடுத்தினேன், அவ்வளவுதான். விலகிய அன்று மூடி அலுமாரிக்குள் வைத்த அந்தக் கணினியை இதுவரை திறக்கவில்லை. நாளை திறந்து, நீங்கள் சொல்வது பொய் என்று நிறுவி அனுப்புகிறேன்.

கிருபானந்தன்


அஹுன்ட்சிக்
ஜனவரி 27, 2025

அன்புள்ள கிருபா அண்ணைக்கு,

நாளை என்றீர்கள். எட்டு நாள் ஆகிவிட்டது. உங்களுக்குச் சுகமில்லையோ என்று நேற்று அம்மாவை உங்கள் வீட்டுப் பக்கம் அனுப்பினேன். யன்னலில் வெளிச்சம் இருந்ததாம், மேலே ஏறவில்லையாம். வெளிப் படிக்கட்டுக்கு உப்புப் போடவில்லை என்று உங்களைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தா.

சின்ன விஷயம் ஒன்று: அம்மாவிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். "அவன்தானே என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவன். அவன்ர மேலங்கியை ஆசுபத்திரியில துலைச்சுப்போட்டன், அதைக் கேக்கிறானோ?" என்றா. இவ்வளவு காலமும் கேட்காமல் இருந்தது என் பிழை.

இன்னொரு பிழையும் இருக்கிறது. இப்போது சொல்லாவிட்டால் பேந்து சொல்லமாட்டேன். போன வருடம் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாளுக்குப் போனபோது உங்கள் அக்கா இந்திராதேவி உங்களைப் பற்றிக் கேட்டா. "பொறாமையில எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் போட்டார்" என்று பத்துப் பேருக்கு முன்னால் சொன்னேன். அதற்குப் பிறகு அவ உங்களுக்கு அழைப்பதைக் குறைத்துவிட்டா என்று கேள்விப்பட்டேன். நீங்கள் அழித்தீர்களோ இல்லையோ, அதை நான் அங்கே சொல்லியிருக்கக்கூடாது.

தரைப்படங்களுக்காக உங்களை இனித் தொந்தரவு செய்யமாட்டேன். சரளையிலேயே காட்டப்போகிறோம். தபால்காரி விழ வேண்டிய இடங்களில் சிவப்பு வட்டம் போடலாம் என்கிறான் டெனிஸ்டன். மழலையர் விளையாட்டு மாதிரி இருக்கும். பரவாயில்லை.

அன்புடன்,
நிருஷா


பார்க் எக்ஸ்டென்ஷன்
ஜனவரி 29, 2025

நிருஷா,

இருபதாம் திகதி காலையிலேயே கணினியைத் திறந்துவிட்டேன். எட்டு நாள் தேவைப்பட்டது அதற்கு அல்ல, இந்தக் கடிதத்துக்கு.

பதிவேடு பொய் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. நான் செய்தேன்.

அந்த நவம்பரில், காணொளிக்கு ஒரு கிழமை முன்பு, டெனிஸ்டன் எல்லோருக்கும் முன்னால் என் கோப்புறையைத் திறந்து வாசித்தது உனக்கு நினைவிருக்கும். "ஸ்னோ ஃபைனல், ஸ்னோ ஃபைனல் டூ, ஸ்னோ உண்மையா ஃபைனல். அண்ணை, இதுகளுக்கு ஒரு ஞானஸ்நானம் குடுங்கோவன்." எல்லோரும் சிரித்தீர்கள். நீயும் சிரித்தாய். "வடிவாப் பேர் வையுங்கோ அண்ணை" என்றாய். எனக்குச் சுட்டது. பெயர் வைக்கிறேன் பார் என்று மனதுக்குள் சொன்னேன். 16ஆம் திகதி மாலை வீட்டிலிருந்து, பதினொன்றுக்கும் தமிழ் எழுத்தில் பெயர் மாற்றினேன். கண்ணாடிப்பனி. உப்புச்சேறு. மிதிபனி. மாப்பனி. பழம்பனி. ஏழு நிமிடம் எடுத்தது என்று உன் பதிவேட்டிலிருந்து இப்போது தெரிகிறது. என் வாழ்நாளில் அவ்வளவு திருப்தியான ஏழு நிமிடம் குறைவு.

கோப்புகளை எல்லோருடைய கணினிக்கும் அனுப்பும் நம் பகிர்வு நிரலுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. பழைய பெயர்கள் போய்விட்டன என்று மட்டும் அதற்கு விளங்கியது, உங்கள் எல்லோருடைய கணினியிலும் அவற்றை அழித்துவிட்டது. புதிய பெயர்களை எப்படி அனுப்புவதென்று தெரியாமல் இங்கேயே விட்டுவிட்டது. பதினொரு கோப்புக்கும் பக்கத்தில் சின்னச் சிவப்புக் குறி இருக்கிறது: 'அனுப்பப்படவில்லை'. பதினான்கு மாதமாக அந்தக் குறி என் அலுமாரிக்குள் இருந்திருக்கிறது. என் திரையில் எல்லாத் தரையும் ஒழுங்காகத் தெரிந்ததால் நான் ஒன்றும் சந்தேகப்படவில்லை. காணொளியில் சரளையைப் பார்த்ததும், எறிந்துவிட்டார்கள் என்று உடனே விளங்கிவிட்டது. என்னைப் போன்றவனுக்கு அது மட்டும் கெதியாய் விளங்கும்.

இந்த எட்டு நாளும் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதல் நாள் உனக்கு இப்படி எழுதத் தொடங்கினேன்: 'பழைய பெட்டி ஒன்றில் பிரதி கிடைத்தது, ஏழு பேரின் வேலையை நினைத்துத் தருகிறேன்.' நல்ல கடிதம். அந்தப் பொய்யில் நான் பெருந்தன்மையான மனிதனாகத் தெரிந்தேன், நீ கடன்பட்டவளாகத் தெரிந்தாய். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு நாளும் அதைத் திறந்து ஒரு சொல்லைத் திருத்துவேன், அனுப்பமாட்டேன். அப்புறம் நீ அக்காவிடம் சொன்னதைத் தானாகவே எழுதி அனுப்பினாய். அதற்குப் பிறகு அந்த நல்ல கடிதத்தை வைத்திருக்க முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. சிவப்புக் குறியைப் பார்த்தபோது முதலில் வந்தது வெட்கம் அல்ல. அது அடுத்த நாள் வந்தது, தேவையான அளவு வந்தது. முதலில் வந்தது, தோளிலிருந்து அரிசி மூட்டையை இறக்கினால் வருமே, அது. ஒருவரும் என் வேலையை எறியவில்லை. குப்பை என்று யாரும் ஒதுக்கவில்லை. அது உங்களிடம் வந்து சேரவே இல்லை. சமையலறையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தேத்தண்ணீர் ஆறிப் பச்சைத்தண்ணீராகும்வரை இருந்தேன்.

கோப்புகளுக்கு 01 முதல் 11 வரை இலக்கம் போட்டுவிட்டேன். பெயர்களைத் தனியாகத் தாளில் எழுதியிருக்கிறேன், இயந்திரத்துக்கு அது வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு சிறு கணினித் தட்டில் ஏற்றி, உறையில் இட்டு, இன்று காலை சின்னம்மாவின் தபால்பெட்டியில் போட்டேன். நடந்துதான் போனேன். நம் பகிர்வு நிரலை நம்பவில்லை.

உன் காணொளிக்கும், உன் பதினொரு மணி அழைப்புக்கும், மன்னிப்புக் கேட்கிறேன்.

கிருபா அண்ணை

பி.கு. மேலங்கியை நான் கேட்கவில்லை என்று சின்னம்மாவிடம் சொல்.


அஹுன்ட்சிக்
ஜனவரி 31, 2025

என் அருமை அண்ணைக்கு,

சிரிக்காதே என்றீர்கள். மன்னிக்கவும். முதலில் அழுதேன், பிறகு கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு மொழிபெயர்த்துச் சொன்னேன், பிறகு சிரித்தோம். டெனிஸ்டன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அது என்ர பிழையும்தானே. தமிழனாப் பிறந்து, தமிழ் எழுத்து வாசிக்காத நிரலை எழுதி வச்சிருக்கிறன்" என்று தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அந்தப் பகிர்வு நிரல் அவன் முதல் வருடம் எழுதியது அண்ணை. இந்தப் பூமியில் எந்தக் கூடத்திலும் இந்த விபத்து நடக்காது. கோபம் வந்தால் தமிழில் பெயர் வைக்கும் ஒருத்தரும், அதை வாசிக்காத நிரல் எழுதிய இன்னொரு தமிழரும் ஒரே இடத்தில் வேண்டும்.

தட்டைப் போட்டோம். எடிட்டரைத் திறந்தோம். தரை ஒவ்வொன்றாக வந்தது. நீங்கள் பூசிய இடங்கள் எல்லாம் அப்படியே அதில் இருந்தன, படம் மட்டும்தான் இல்லாமல் இருந்திருக்கிறது. ஓகில்வி முனையில் பனி வண்டி ஒதுக்கிய கறுத்த மேடு வந்தது. பேருந்துத் தரிப்பில் மிதிபனி வந்தது. மாக்கிரட் (விளையாட்டுக்குச் சப்தம் சேர்ப்பவ, நீங்கள் போன பிறகு சேர்ந்தவ) எழும்பி நின்று, "இது என்ர வீட்டு வாசல்" என்றா.

எனக்கும் அந்த அரிசி மூட்டை இருந்தது அண்ணை. என் சொந்த அண்ணை என் முதுகில் குத்திவிட்டுப் போனார் என்று ஒவ்வொரு காலையும் நினைத்துக்கொண்டு வேலைக்கு வருவது லேசு அல்ல.

இந்திராதேவி அக்காவுக்கு நேற்றே அழைத்தேன். அந்தப் பத்துப் பேருக்கும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லிக் கட்டளை போட்டிருக்கிறா. நான்கு பேர் முடிந்தது.

ஒரு சிக்கல். நான்கு இடங்களில் தரை கறுப்பாக ஓட்டை போல் தெரிகிறது. ஏன்? கெதியாய்ப் பதில் போடுங்கள். நேரில் வந்தால் இன்னும் கெதி.

நிருஷா


பார்க் எக்ஸ்டென்ஷன்
பெப்ரவரி 2, 2025

நிருஷா,

ஓட்டைக்குக் காரணம் சொல்கிறேன். ஒரு சதுரத்துக்குள் நான்கு தரைதான் கலக்கலாம். ஐந்தாவதைப் பூசினால் எடிட்டர் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுக் கறுப்பைக் காட்டும். நான் இல்லாத காலத்தில் யாரோ நான்கின் மேல் அந்த மலைப்பனியைப் பூசியிருக்கிறார்கள். பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டால் போதும். பிரஷை முழு அழுத்தத்தில் வைத்து வேலை செய்யாதீர்கள். கால்வாசி போதும். பனி ஒரேயடியாக விழுவதில்லை.

கண்ணாடிப்பனியின் வழுக்கல் எண்ணைக் குறைக்கச் சொல்லி டெனிஸ்டன் கேட்பான். விட்டுக்கொடுக்காதே.

நேரில் வருவது பற்றி: எனக்குக் களஞ்சியத்தில் நான்கு மணிக்கு வேலை முடியும். உங்கள் கூடம் அங்கிருந்து எட்டு நிமிட நடை என்று இன்று தற்செயலாக அளந்து பார்த்தேன். வாசல்வரை வந்தேன். கண்ணாடிக்கு உள்ளே, சுவரில், என் பெயர்த்தாளை ஒட்டியிருக்கிறீர்கள் என்று தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன். ஆறு வருடம் அந்தச் சுவரில் உங்கள் விடுமுறைப் பட்டியல் மட்டும்தான் இருந்தது. பார்த்துப் பழக வேண்டும். அடுத்த கிழமை உள்ளே வருகிறேன்.

நேற்று அக்கா அழைத்தா. ஒன்றரை மணித்தியாலம் கதைத்தா. அதில் ஒரு மணித்தியாலம் என் குணத்தைப் பற்றி. மனம் லேசாக இருந்தது.

அண்ணை


அஹுன்ட்சிக்
பெப்ரவரி 19, 2025

அன்புள்ள அண்ணைக்கு,

முந்தாநாள்வரை எங்களோடு இருந்துவிட்டு, முக்கியமான நாளில் மட்டும் "களஞ்சியத்தில் சரக்கு வருது" என்று ஓடிவிட்டீர்கள். சரக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும். சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று பேர் வந்தார்கள். முதலாவது ஆள் பெரிய உத்தியோகத்தர், சப்பாத்தே மினுங்கியது. அவர் தபால்காரியை வேகமாக நடக்கவிட்டார். கேர்ப்ஸ் முனையில் மல்லாக்காக விழுந்தா, கடிதமெல்லாம் பறந்தது. "ஆனால் அங்கே ஒன்றுமே இல்லையே!" என்றார். பக்கத்தில் இருந்த பெண், கிப்பெக் நகரத்துக்காரி, திரைப்பக்கம் சாய்ந்து பார்த்துவிட்டு, "இருக்கிறது, வெளிச்சத்தைப் பாருங்கள்" என்றாள். அதற்குப் பிறகு அவர் விழவில்லை. கோழி நடப்பது போல் ஒவ்வொரு அடியாக வைத்து நான்கு வீடு கொடுத்து முடித்துவிட்டு, வெற்றி பெற்ற மாதிரிக் கையை உயர்த்தினார். இன்று காலை பதில் வந்தது. ஓம் என்றுவிட்டார்கள். கூடம் பூட்டப்படாது.

ஆனால் நான் எழுத வந்தது அது அல்ல.

அம்மா நேற்றுக் கூடத்துக்குக் கொழுக்கட்டை கொண்டுவந்தா. இவ்வளவு வருடத்தில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, 'கொம்பியூட்டர்' என்று எல்லோருக்கும் சொல்லிவிடுவா. எல்லோரும் சாப்பிடப் போனபிறகு திரைக்கு முன்னால் உள்ள கதிரையில் இருந்தா. நான் தபால்காரியைச் சும்மா நடத்திக் காட்டினேன். ஜான்-தலோன், திரும்பினால் கேர்ப்ஸ். அம்மா கொழுக்கட்டையை மென்றுகொண்டு பார்த்தா. முனை வந்தது. அம்மா மெல்லுவதை நிறுத்தினா. கதிரைக் கைப்பிடியைப் பிடித்தா. கம்பளத்தில் இருந்த தன் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டா.

"உதில கால் வையாதை பிள்ளை," என்றா. "அங்காலை சுவர்ப்பக்கமாப் போ."

நான் சுவர்ப்பக்கமாகப் போனேன். அம்மா மெதுவாகக் காலை இறக்கினா. "ஆர் இதைச் செய்தது?" என்று கேட்டா. சொன்னேன். "அவன் நல்லாப் பாத்திருக்கிறான்," என்றா. பிறகு இன்னொரு கொழுக்கட்டையை எடுத்தா.

நிருஷா

பி.கு. கண்ணாடிப்பனியின் எண்ணைக் குறைக்கச் சொல்லி டெனிஸ்டன் கேட்டான். விட்டுக்கொடுக்கவில்லை.


பார்க் எக்ஸ்டென்ஷன்
பெப்ரவரி 23, 2025

நிருஷா,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. பதில் எழுதாதது கோபத்தால் அல்ல, வலது கையால் எழுத முடியவில்லை. இதை இடது கையால் தட்டுகிறேன். பயப்படாதே, முறிவு இல்லை, சுளுக்கு.

வியாழக்கிழமை காலை உன் கடிதத்தைக் கைத்தொலைபேசியில் வாசித்துக்கொண்டே படியிறங்கிக் கேர்ப்ஸ் வீதியால் நடந்தேன். சின்னம்மா காலைத் தூக்கிய இடம் வந்தது. அதை இரண்டாம் முறை வாசித்தேன். அடுத்த கணம் வானம் தெரிந்தது.

இந்த நகரத்தின் தரையைப் பதினொரு வகையாகப் பிரித்தவன் நான். முழங்காலில் மூன்று பனிக்காலம். படுத்திருந்தபடியே சிரிப்பு வந்துவிட்டது. தெப்பனேர்க்காரர் இந்த முறை வெளியே ஓடி வந்தார். கையைக் கொடுத்து, "சா வா, மிஸ்யூ?" என்று கேட்டார். நலம் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். பிறகு அவரையே ஒரு நிமிடம் தள்ளி நிற்கச் சொன்னேன், அவருடைய நிழல் விழுந்தது.

படத்தை இத்துடன் அனுப்புகிறேன். கீழே பழைய ஐஸ், அதன் மேல் ஒரு விரல் உருகிய தண்ணீர், அதற்கும் மேல் அன்று காலை விழுந்த மாப்பனி. மூன்றையும் தனித்தனியாக அறிவேன், ஒன்றாகப் பார்த்ததில்லை. பட்டியலில் இது இல்லை. கோப்புக்கு 12 என்று மட்டும் போட்டிருக்கிறேன், இயந்திரம் வாசிக்கட்டும்.

பெயரைச் சின்னம்மாவிடம் கேட்டு நீ எழுதிக்கொள்.

அண்ணை